கூரை மேல் சேவல் ஏற்றப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு கட்டி, வர்ணம் அடித்து, பால் காய்ச்சிக் குடியேறி, மொட்டைமாடியில் நின்று 'உச்சியில் இன்னும் ஏதோ குறைகிறதே' என்று அண்ணாந்து பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கு,



அந்தக் குறையைத் தீர்க்க உங்கள் கைபேசி என்ன காட்டும் என்பது தெரிந்ததே. ஓர் அம்பின் மேல் நிற்கும் கறுப்புச் சேவல். அதன் காலடியில் நான்கு கைகள், நான்கு ஆங்கில எழுத்துகள். காற்றுத் திசைகாட்டி என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே கருவிதான், அலங்காரப் பொருளாக வேடம் போட்டு வந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் கூரியரில் வந்து சேரும். வீட்டுப் பையன் ஏணி ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு திருகாணியை முடுக்கிவிட்டு இறங்குவான். முதல் வாரம் சேவல் சுற்றோ சுற்றென்று சுற்றும். ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்போது கழுத்தில் துரு ஏறி, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிடும். அதற்குப் பிறகு வாடை அடித்தாலும் தென்றல் அடித்தாலும் அதன் பார்வை எதிர்வீட்டின் மேல்தான்.

கூரையில் அழகுக்காக ஒன்றை வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அழகு பார்த்து வாங்கிய பல காற்றுகாட்டிகள் காற்றைக் காட்டுவதில்லை என்பதுதான் சங்கடம். திரும்புமா, சரியாகத் திரும்புமா என்று முதலில் பாருங்கள். சேவலா மீனா மயிலா என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த மடலின் கோரிக்கை அவ்வளவுதான். அதற்கான காரணங்களும் செய்முறையும் கீழே.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு பெரிய மனிதரின் ஆதரவும் உண்டு. 1787 கோடையில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எழுதும் மாநாடு பிலடெல்ஃபியாவில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஜார்ஜ் வாஷிங்டன். ஒரு நாட்டுக்கே சட்டம் எழுதும் வேலைக்கு நடுவில் அவர் அந்த ஊர் ஜோசப் ரேக்ஸ்ட்ரா என்பவரிடம், மவுண்ட் வெர்னன் வீட்டுக் கூரைக்கு ஒரு காற்றுகாட்டி செய்யச் சொன்னார். விடுதலைப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்ததால் அவர் கேட்ட உருவம் புறா. அலகில் ஆலிவ் கிளை. ஊரில் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த தம்பி மகனுக்கு, அலகுக்குக் கறுப்பு, கிளைக்குப் பச்சை என்று வர்ணம் வரைக்கும் எழுதி அனுப்பினார். கூடவே கண்டிப்பாக ஒன்றையும் சேர்த்தார்: திசைமுனைகளை மிகுந்த கவனத்தோடு பொருத்த வேண்டும், பிசகினால் அது வழிகாட்டாது, ஏமாற்றும். அந்தத் தாமிரப் புறா இன்று பத்திரமாக உள்ளே இருக்கிறது. கூரையில் நிற்பது அதன் நகல்.

ஆக, கடைக்குப் போகும்போது வாஷிங்டனின் அந்தக் கவலையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

காற்றுகாட்டியின் சூத்திரம் மிக எளிது. சுழலும் அச்சுக்கு இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். பரப்பு சமமாக இருக்கவே கூடாது. வால் பக்கம் அகலம், மூக்குப் பக்கம் ஒடுக்கம். காற்று அகலமான வாலைத் தள்ளிப் பின்னுக்குக் கொண்டுபோகும். ஒடுங்கிய மூக்கு தானாகக் காற்று வரும் பக்கம் திரும்பும். அம்பு முனை காட்டுவது காற்று எங்கிருந்து வருகிறது என்பதை. போகும் திசையை அல்ல. இதில் குழம்புகிறவர்கள் ஏராளம். தமிழில் குழம்ப வேண்டியதே இல்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று பிறந்த ஊரை வைத்துத்தான் நாம் காற்றுக்குப் பெயர் சொல்கிறோம். வானிலை ஆய்வாளர்கள் சொல்வதும் அதே முறையில்தான்.

இந்தச் சூத்திரம் தெரியாமல் தகடு வெட்டுகிறவர்கள் உண்டு. சேவலின் மார்பும் வாலும் ஒரே அகலம், கீழே உள்ள அம்பின் தலையும் இறகும் ஒரே அளவு என்று கண்ணுக்குச் சமச்சீராக வரைந்துவிடுவார்கள். படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும். கூரையில் ஏற்றினால் காற்றுக்குக் குறுக்கே நிற்கும், அல்லது ராட்டினம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். உருவத்தைக் கம்பியிலிருந்து கழற்றி, அச்சு வரும் இடத்துக்கு அடியில் ஒரு பேனாவைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். தராசு முள் மாதிரி மட்டமாக நின்றால் எடை சரி. மறுபடி கம்பியில் மாட்டி, கம்பியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தொங்கினால் எடை சரியில்லை. அடிக்கிற காற்று மெல்லியதாக இருந்தால் உங்கள் சேவல் காற்றுக்குக் கட்டுப்படாமல் தன் கனத்துக்குக் கட்டுப்படும். மூன்றாவதாகக் கடையில் உள்ள மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மூக்கு விசிறியை நோக்கி வந்து, இரண்டு ஆட்டம் ஆடி, நிற்க வேண்டும். விசிறியை இடம் மாற்றினால் மூக்கும் கூடவே வர வேண்டும். கடைக்காரர் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து கழுத்து. காற்றுகாட்டியின் உயிர் இருப்பது அங்கேதான். விலை குறைந்தவற்றில் ஒரு கம்பியின் மேல் ஒரு குழாயைச் செருகியிருப்பார்கள். இரும்போடு இரும்பு உரசும். முதல் மழைக்குக் கிரீச்சிடும், இரண்டாம் மழைக்கு நின்றுவிடும். பழைய காலத்து முறை இதைவிட எவ்வளவோ மேல்: கம்பியின் நுனியைக் கூராக்கி அல்லது நுனியில் ஓர் எஃகுக் குண்டை வைத்து, மேலே மூடிய குழாயைத் தொப்பி மாதிரி அதன் மேல் கவிழ்த்துவிடுவார்கள். மொத்த எடையும் ஒரே புள்ளியில் நிற்பதால் உரசல் குறைவு. மூடி இருப்பதால் மழைநீரும் இறங்காது. இன்றைக்கு மேலும் கீழும் இரண்டு பேரிங் வைத்து, தண்ணீர் புகாத மூடி போட்டுத் தருவது லேத் பட்டறைக்காரருக்கு ஒரு மணி நேர வேலை. சைக்கிள் சக்கரத்துக்குச் செய்வதையே செங்குத்தாக வைத்துச் செய்கிறார், அவ்வளவுதான். மறக்கக் கூடாதது ஒன்று: தொப்பி மாதிரிக் கவிழ்த்த உருவத்தைப் பலத்த காற்று அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போகும். தூக்காதபடி உள்ளே ஒரு தடுப்பு ஊசியோ திருகாணியோ கட்டாயம் வேண்டும். அம்மியையே பறக்கவைப்பதாகப் பெயர் வாங்கிய ஆடிக்காற்றுக்கு ஒரு தகரச் சேவல் எம்மாத்திரம்?

எந்த உலோகம் என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது. திருச்சியிலோ மதுரையிலோ நாகமுலாம் பூசிய இரும்பின் மேல் பவுடர் கோட்டிங் அடித்தால் பல வருடம் தாங்கும். லேசரில் வெட்டிய ஓரங்களில் பூச்சு மெல்லியதாகத்தான் பிடிக்கும், துரு அங்கேதான் வாசல் தேடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடற்கரை ஓரமென்றால் கணக்கே வேறு. சாதாரண 304 எவர்சில்வர்கூட உப்புக்காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்படிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாக்குப்பிடிக்கும். தாமிரமும் பித்தளையும் கடலுக்கு அஞ்சாதவை. ஆனால் தாமிர உருவத்தை நேராக இரும்புக் கம்பியில் உட்காரவைத்தால், உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவில் புகுந்து இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். இடையில் ஒரு நைலான் வாஷர் போதும்.

தாமிரம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். நாலைந்து மழைக்காலம் போனபின் அது கறுத்து, பிறகு பச்சைக் களிம்பு ஏறும். உடனே புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு ஏணி ஏற வேண்டாம். அந்தக் களிம்பு அடியில் உள்ள தகட்டுக்குக் கவசம். பழைய காற்றுகாட்டி சேகரிப்பவர்கள் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். 2006-இல் நியூயார்க்கின் சோத்பீஸ் ஏலத்தில், அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் உருவம் கொண்ட ஒரு தாமிரக் காற்றுகாட்டி 58 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. அது அரண்மனைப் பொருள் இல்லை. ஜே.எல். மாட் என்ற இரும்பு வார்ப்பு நிறுவனம் சுமார் 1900-இல் விற்பனைக்குச் செய்த சரக்கு.

இப்போது உருவத்துக்கு வரலாம்.

சேவல் எப்படிக் கூரை ஏறியது? ஏசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்குச் சேவல் கூவித் தன் பிழை உறைத்தது என்ற விவிலியக் கதையை நினைவூட்ட, ஐரோப்பியத் தேவாலயங்கள் அதை உச்சியில் வைத்தன. இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் சேவல், இத்தாலியின் பிரெஷ்ஷா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ராம்பெர்டோ என்ற ஆயர் செய்வித்தது. ஆக, வீட்டுச் சாமானாகக் கைபேசியில் வரும் கறுப்புச் சேவலுக்குப் பின்னால் ஆயிரத்து இருநூறு வருடச் சமய வரலாறு இருக்கிறது. தமிழ் வீட்டுக் கூரையில் அது ஏறும்போது அர்த்தம் வேறாகிவிடுகிறது. இங்கே சேவலைப் பார்த்தவுடன் மனம் போவது முருகனின் கொடிக்கு. கொடியும் காற்றுக்குத் திரும்புவதுதானே? அந்த நினைப்போடு சேவலை வைப்பவர் தாராளமாக வைக்கலாம். படத்தில் முதலில் வந்தது என்பதற்காக மட்டும் வேண்டாம்.

ஏனென்றால் புகழ்பெற்ற காற்றுகாட்டி ஒவ்வொன்றும் அந்தக் கட்டடத்துக்கு உரியவர் யார், உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே சொல்வதாக இருக்கிறது. லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் உச்சியில் தங்க முலாம் பூசிய வெட்டுக்கிளி. அந்த வணிகக் கூடத்தை நிறுவிய தாமஸ் கிரெஷாமின் குடும்பச் சின்னம் அது. அட்லாண்டிக்கைத் தாண்டி பாஸ்டன் நகரில் ஃபேனுயில் ஹால் என்ற சந்தைக் கட்டடம் எழுந்தபோது, 1742-இல் ஷெம் டிரவுன் என்ற கம்மியர் இன்னொரு வெட்டுக்கிளியைச் செய்து ஏற்றினார். தாமிர உடல், தங்க ரேக்கு, கண்ணாடிக் கண்கள். 1755 நிலநடுக்கத்தில் அது கீழே விழுந்தது. பழுது பார்த்து மீண்டும் ஏற்றினார்கள். 1974-இல் திடீரென்று காணாமல் போனது. ஊரே தேடியது. சில நாளில் அதே கட்டடத்தின் கோபுரத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த இடத்தில் கிடைத்தது. இன்றும் அது பாஸ்டனின் அடையாளம்.

கிரிக்கெட் பார்க்கும் வீடுகளுக்குப் பரிச்சயமான ஒரு காற்றுகாட்டியும் உண்டு. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் காலக்கிழவர். 1926-இல் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர், தாம் கட்டிய பார்வையாளர் கூடத்தின் உச்சிக்குப் பரிசாகக் கொடுத்தது. புது டெல்லியின் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்தவரும் இதே பேக்கர்தான். தாடி வைத்த கிழவர், தோளில் அரிவாள், குனிந்து ஸ்டம்புகளின் மேல் உள்ள பெயில்ஸ் மீது கைவைக்கிறார்: ஆட்டம் முடிந்தது. மொத்தக் காற்றுகாட்டியும் சேர்ந்து ஆறரை அடி உயரம். மைதானத்தின் எதிர்முனையிலிருந்து பார்த்தாலும் கிழவர், அரிவாள், ஸ்டம்ப் மூன்றும் தெளிவாகத் தெரியும். கண், மூக்கு, உடை மடிப்பு எதையும் நம்பாமல் நிழலுருவத்தை மட்டும் நம்பிச் செய்ததால் வந்த தெளிவு அது. இரண்டாம் உலகப் போரில் வான் பாதுகாப்புப் பலூனின் கம்பி சிக்கிப் பெயர்ந்து விழுந்தார். 1992-இல் மின்னல் தாக்கியது. 2015-இல் புயற்காற்றில் சாய்ந்தார். ஒவ்வொரு முறையும் செப்பனிட்டு ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

கிழவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டிய பாடம் நிழலுருவம். கூரையில் உள்ள பொருளை நீங்கள் பார்ப்பது கீழேயிருந்து, வெளிச்சத்துக்கு எதிராக. செதில் செதிலாகச் செதுக்கிய மீன் கீழே நிற்பவருக்கு ஒரு கறுப்புத் துண்டுதான். வாலும் துடுப்பும் எடுப்பாக வெட்டிய வெறும் தகடு மீனாகவே தெரியும். அட்டையில் அளவுக்கு வெட்டி, மாடியில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, தெருமுனையிலிருந்து பாருங்கள். அளவுக்கு அமெரிக்க விற்பனையாளர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: ஓர் அடி கூரை முகட்டுக்கு ஓர் அங்குலம். அது சாய்ந்த ஓட்டுக் கூரைக்கு. நம் ஊர் மொட்டைமாடிக்கு முகடு கிடையாது என்பதால், அந்த அட்டைச் சோதனையே நம்பகமானது.

எதை வைப்பது? வீட்டைக் கேளுங்கள். தறி ஓட்டிப் பிழைத்த குடும்பத்துக்கு நாடா இருக்கிறது. இரு முனையும் ஒடுங்கிய அதற்கு ஒரு முனையில் நூல் பறப்பதுபோல் அகலமாக ஒரு வால் வைத்தால் அருமையான காற்றுகாட்டி. படகுக்காரர் வீட்டுக்கு வஞ்சிரம். தபால்காரராக ஓய்வு பெற்றவருக்கு சைக்கிள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் நிற்கிறதே அன்னம், அதன் நீண்ட கழுத்தும் விரிந்த வாலும் காற்றுகாட்டிக்கென்றே பிறந்தவை. பித்தளைக்குப் பேர்போன அந்த ஊர்ப் பட்டறையில் ஓர் அன்னத்தைத் தகட்டில் அடித்துக் கொடுங்கள் என்று கேட்பதில் என்ன வெட்கம்? மயில் கேட்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: விரித்த தோகை முன்னால் பார்க்க அழகு, காற்றுக்கு அது பாய்மரம். மடித்த தோகையோடு பக்கவாட்டில் நிற்கும் மயிலாகப் பாருங்கள்.

செய்யச் சொல்லும்போதே எழுத்துகளையும் சொல்லிவிடுங்கள். வ, கி, தெ, மே. நான்கும் தகட்டில் வெட்ட எளியவை, தூரத்திலும் குழப்பமில்லாதவை. தமிழ் எழுத்தில் ஒரு காற்றுகாட்டி கூரையில் நின்றால், பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாது.

இனி இடம். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைப்பது எல்லாரும் செய்யும் தவறு. சுவரில் மோதும் காற்று மேலே எகிறிச் சுழலும். அந்தச் சுழலில் அகப்பட்ட அம்பு வேப்பிலை அடிப்பதுபோல் ஆடிக்கொண்டிருக்கும். வானிலை நிலையங்களில் காற்றுகாட்டியைத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். அருகில் உள்ள மரமோ கட்டடமோ அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. நெருக்கியடித்துக் கட்டிய தெருவில் இதற்கு வழியில்லை. படிக்கட்டு அறையின் உச்சியில், தண்ணீர்த் தொட்டியின் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரமாவது எழும்பும்படி கம்பம் வைத்தால் பெருமளவு தப்பலாம். தோட்டத்தில் வைக்க விரும்புகிறவர்கள் தென்னைக்கும் மதிலுக்கும் நடுவே ஒளித்துவைத்துவிட்டு, அது மதிலின் காற்றைக் காட்டுகிறது என்று குறைசொல்ல வேண்டாம்.

தட்டோடு பதித்த தளத்தில் மட்டும் துளை போட்டுவிடாதீர்கள். அடுத்த மழை உள்கூரையில் ஒரு தேசப்படம் வரையும். படிக்கட்டு அறையின் பக்கச் சுவரில் மேலும் கீழும் கிளாம்ப் வைத்து, ஆங்கர் போல்ட் முடுக்கிக் கம்பத்தை நிறுத்துங்கள். ரசமட்டம் பிடித்தோ தூக்குக்குண்டு விட்டோ கம்பம் செங்குத்தா என்று பார்க்க வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால், எடையில் மிஞ்சிய சிறு பிசகும் அம்பை ஒரே பக்கம் இழுக்கும். உயரமான உலோகக் கம்பம் என்பதால் எர்த்திங் பற்றி எலக்ட்ரீஷியனிடம் பேசிவிடுங்கள். இடிதாங்கி இருக்கிற கட்டடமென்றால் இன்னும் அவசியம்.

திசைமுனைகளைப் பொருத்தும் கட்டம் வந்துவிட்டது. எல்லாரும் உடனே கைபேசியில் உள்ள திசைகாட்டியைத் திறப்பார்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் தமிழ்நாட்டில் வித்தியாசம் மிகச் சொற்பம். ஏறத்தாழ இரண்டு பாகைக்குள். அதில் பாதகமில்லை. கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பிகளும் தொட்டியின் இரும்புத் தாங்கியும்தான் எதிரிகள். மாடியில் பத்தடி நகர்ந்தால் கைபேசியின் வடக்கும் நகர்வதைப் பார்க்கலாம்.

நம்பகமான வழி மயமதம் போன்ற பழைய சிற்ப நூல்களில் இருக்கிறது. கோயிலுக்குத் திசை குறிக்கச் சங்கு நாட்டுவார்கள்; அதையே உங்கள் மாடியிலும் செய்யலாம். மட்டமான தரையில் ஒரு முழக் கழியைச் செங்குத்தாக நிறுத்தி, அதை மையமாக வைத்துச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுங்கள். காலையில் நீளமாக விழும் நிழல் சுருங்கிச் சுருங்கி, ஒரு கணத்தில் அதன் நுனி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மீண்டும் நீண்டு எதிர்ப்புறம் வட்டத்தைத் தொடும்; அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் மேற்கு கிழக்குக் கோடு. அதற்குக் குறுக்கே நேர்க்கோணத்தில் வரைந்தால் வடக்கு தெற்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சுண்ணாம்புக்கட்டி, குழந்தைகளுக்கு ஒரு நாள் பொழுது. வாஷிங்டனின் தம்பி மகனுக்கு இருந்த பொறுப்பு இப்படியே தீர்ந்துவிடும்.

வைத்தபின் அதை எங்கிருந்து பார்ப்பீர்கள்? பலரும் யோசிக்காத கேள்வி இது. 1694-இல் லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் மூன்றாம் வில்லியம் மன்னருக்காகக் கடிகார முகப்பு போன்ற ஒன்று செய்யப்பட்டது. கூரையில் உள்ள காற்றுகாட்டியோடு இணைத்த முள், உள்ளே வரைபடத்தின் மேல் சுழன்று காற்றின் திசையைக் காட்டும். பாய்மரக் கப்பற்படை வைத்திருந்த மன்னருக்குக் காற்றின் திசை போர்ச் செய்தி. அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன், தம் மாண்டிசெல்லோ வீட்டு முன்மண்டபத்தின் உள்கூரையில் இதுபோன்ற ஒன்றை வைத்து, வாசலில் நின்றபடியே காற்றைப் படித்தார். உங்களுக்கு அவ்வளவு வேலைப்பாடு வேண்டாம். காலைக் காபி குடிக்கும் நாற்காலியிலிருந்தோ சமையலறை ஜன்னலிலிருந்தோ தெரிகிற மாதிரி வைத்தால் போதும். தெருவில் போகிறவருக்கு மட்டும் தெரிகிற காற்றுகாட்டி தெருவுக்குத்தான் சொந்தம்.

பார்த்து என்ன தெரிந்துகொள்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதலில், வீசுவது எந்தக் காற்று என்பதை. ஏதென்ஸில் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ஆண்ட்ரோனிகஸ் கட்டிய எண்கோண வடிவக் காற்றுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. எட்டுப் பக்கத்திலும் எட்டுக் காற்றுகளுக்கு மனித உருவம் கொடுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். உச்சியில் முன்பு இருந்த, டிரைட்டன் என்ற கடல் தெய்வத்தின் வெண்கலச் சிலை, கையில் உள்ள கோலால் அந்த நேரத்தில் வீசும் காற்றின் உருவத்தைச் சுட்டும். கிரேக்கர்கள் முகம் கொடுத்தார்கள். நம்மவர்கள் பெயர் கொடுத்தார்கள். கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். கடல் தொழிலாளர்களிடம் இன்னும் நுணுக்கமான பெயர்கள் உண்டு. மட்டக்களப்புப் பக்கம் மேல்காற்றுக்குக் கச்சான். யாழ்ப்பாணத்தில் தென்மேற்குக் காற்றுக்குச் சோளகம்.

இந்தப் பெயர்களெல்லாம் உங்கள் கூரைக்கு எந்த மாதம் வருகின்றன என்பது ஊருக்கு ஊர் வேறு. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் அம்பு 'மே' எழுத்தைப் பார்த்து நாள் கணக்கில் நிற்கும். அங்கே அழகைவிடக் கழுத்தின் வலு முக்கியம். ஆரல்வாய்மொழி, முப்பந்தலிலும் அப்படியே. அங்கே சுழலும் காற்றாலைகளின் தலைக்குப் பின்னால் உற்றுப் பார்த்தால் சின்னதாக ஒரு காற்றுகாட்டி தெரியும். அது சொல்வதைக் கேட்டுத்தான் அந்த ராட்சத இறக்கைகள் முகத்தைத் திருப்புகின்றன.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேறொரு வேடிக்கை கிடைக்கும். ஜூன், ஜூலை காலையில் அம்பு மேற்கைப் பார்த்து நிற்கும். அனல். துணி அரை மணியில் காயும். நண்பகல் தாண்டி ஏதோ ஒரு நேரத்தில் அம்பு தயங்கும். தெற்கே போகும், திரும்பும், மறுபடி போகும். பிறகு ஒரேயடியாகத் தென்கிழக்கைப் பிடித்துக்கொள்ளும். கடற்காற்று கரை ஏறிவிட்டது. சில நிமிடங்களில் கழுத்துப் பட்டையில் அது தெரியும். எந்த நாள் அது ஒரு மணிக்கு வருகிறது, எந்த நாள் மூன்று மணி வரை மேல்காற்று விடாமல் தடுக்கிறது என்று ஒரு வாரம் நாள்காட்டியில் குறித்துவைத்தால், புழுக்கத்துக்குக் காரணம் கூரையிலேயே எழுதியிருப்பது புரியும்.

மழைக்காலத்தில் அம்பின் சொல்லுக்கு மதிப்பு கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிக்க இந்திய வானிலைத் துறை மழையை மட்டும் பார்ப்பதில்லை; தமிழகக் கரையில் கீழ்க்காற்று நிலைத்துவிட்டதா என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. புயல் நாளில் இன்னொரு கணக்கு. 1857-இல் டச்சு அறிஞர் பைஸ் பாலட் சொன்ன விதிப்படி, பூமியின் வட பாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம். அம்பு வடக்கைக் காட்டினால் நீங்கள் தெற்கே பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்கம் கிழக்கு, கடல். புயல் அங்கே இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது முதலில் வடக்குப் பக்கத்திலிருந்து அடித்தது. கண் கடக்கையில் சற்று ஓய்ந்தது. பிறகு எதிர்ப்புறமிருந்து அடித்தது. அப்படிப்பட்ட நாளில் அம்பை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், மாடி ஏறக் கூடாது என்பதையும் இந்த மடல் அழுத்திச் சொல்லிவிடுகிறது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஆடிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் கழுத்துக்குக் கொஞ்சம் கிரீஸ், போல்ட்டுகளுக்கு ஒரு முடுக்கு. காகம் வந்து உட்காரத்தான் செய்யும். அது எழுந்து போகும் வரை உங்கள் வீட்டில் காற்று காகத்தின் இஷ்டப்படி வீசும்.

இப்போதே பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டால் அக்டோபருக்குள் கம்பம் ஏற்றிவிடலாம். அந்த மாதத்தின் மூன்றாம் வாரத்தில், காலையிலும் மாலையிலும் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு முறை எட்டிப் பாருங்கள். பகலில் மட்டும் கிழக்கே போய் இரவில் திரும்பி வந்துகொண்டிருந்த அம்பு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 'வ'வுக்கும் 'கி'க்கும் நடுவில் நின்றால், வடகத்துக்குப் பிழிந்த மாவை அன்றைக்கு மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
தெருவில் அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் ஒருவர்